இருமினால் ஒன்று, குழாய்ச் சத்தம் கேட்டால் வேறொன்று: சிறுநீர் கசிவுக்குப் பயிற்சியா, மாத்திரையா, அறுவையா?

போன வைகாசியில் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பு. வளையல்காரர் அடித்த ஏதோ ஒரு வேடிக்கைக்குக் கூடமே சிரித்தது. என் நாத்தனாரும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று அடங்கி, காலோடு காலை ஒட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து என்னை அடுக்களை ஓரம் இழுத்துப் போய், "அண்ணி, மாற்றுப் பாவாடை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். அவளுக்கு 47 வயது, மூன்று பிரசவம். நான்கு வருடமாக இப்படித்தானாம். தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் கொஞ்சம் நனைந்துவிடும். அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் அந்தத் தொல்லை இருந்தது. நான்கு மாதமாக மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன், நன்றாகவே கேட்டது. "எனக்கும் இதேதான்" என்று சொல்லி, பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு பட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் செய்யக்கூடாத வேலை. பத்து நாளில் போன் வந்தது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, மலச்சிக்கல் வேறு. கசிவு குறையவில்லை, கழிப்பறையில் முக்கி முக்கி இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

எங்கள் இருவருக்கும் வாயில் வந்த வார்த்தை ஒன்றுதான்: "அடக்க முடியவில்லை." ஆனால் எனக்கு இருந்தது ஒன்று, அவளுக்கு இருந்தது வேறொன்று. பயிற்சி செய்வதா, மாத்திரை எடுப்பதா, அறுவைக்குப் போவதா என்று யோசிக்கிறவர்கள் முதலில் எந்தக் கசிவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் எதை எதோடு ஒப்பிட்டும் பயனில்லை.

கசிவதற்கு முந்தைய நொடி

வகையைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும், பெரும்பாலும். நனைவதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது?

உடம்பு ஏதாவது செய்ததா? இருமல், தும்மல், சிரிப்பு, மாவுச் சட்டியைத் தூக்கியது, பஸ் படியிலிருந்து குதித்தது. போக வேண்டும் என்ற உணர்வே வரவில்லை, ஆனால் சில சொட்டோ ஒரு தேக்கரண்டியோ வந்துவிட்டது. இருமல் நின்றதும் அதுவும் நின்றது. படுத்துத் தூங்கும்போது தொல்லை இல்லை. இது அழுத்தக் கசிவு. டாக்டர்கள் 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதுவார்கள். என் நாத்தனார் சீட்டில் அதைப் படித்துவிட்டு, "எனக்கு மனக்கவலை ஒன்றும் இல்லையே" என்றாள். மனதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயிற்றுக்குள் எழும் அழுத்தத்தைச் சொல்கிறார்கள். இடுப்பெலும்பின் அடியில் தூளி கட்டியதுபோல ஒரு தசைவிரிப்பு இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவம், உடல் பருமன், வருடக்கணக்கான மலச்சிக்கல், ஓயாத இருமல், மாதவிடாய் நின்ற பிறகு தசை தளர்வது என்று ஏதாவது ஒன்றில் தூளி தொய்ந்துவிட்டால், மேலிருந்து அழுத்தம் வரும்போது சிறுநீர்க்குழாயால் இறுக மூடிக்கொள்ள முடிவதில்லை.

எனக்கு இருந்தது அப்படியல்ல. எனக்கு முதலில் உணர்வு வரும். அது வந்தால் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். தெருமுனைவரை ஒன்றுமே இருக்காது. வீட்டுக் கதவில் சாவியைப் போடும் நேரம் பார்த்து வரும். பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கே வரும். இரவில் மூன்று முறை எழுந்திருப்பேன். நனைந்தால் சொட்டாக நனையாது, பாவாடையே நனையும். இது அவசரக் கசிவு. தூளியில் குறையில்லை; சிறுநீர்ப்பையின் சுவரில் இருக்கும் தசை, நிரம்புவதற்கு முன்பே, நம்மைக் கேட்காமல் சுருங்கிவிடுகிறது.

இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, அதைக் கலப்பு வகை என்பார்கள். அப்படி இருந்தால் எது அதிகம் படுத்துகிறதோ அதற்கு முதலில் வைத்தியம்.

மூன்றாவது வகையை எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகக் கண்டுகொள்ளவே இல்லை. என் அம்மாவுக்கு 81 வயது, 25 வருடமாகச் சர்க்கரை. எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். "வயசாகிவிட்டது" என்று டயப்பர் வாங்கிப் போட்டோம். ஒருநாள், சிறுநீர் கழித்த பிறகு எடுக்கும் ஸ்கேனில் பார்த்தால், உள்ளே 450 மில்லி அப்படியே நிற்கிறது. சாதாரணமாகப் பை முழுதாக நிரம்பினாலே 400 முதல் 500 மில்லிதான். நெடுநாள் சர்க்கரையில் நரம்பு மரத்துப்போய், பை நிரம்பியதே அம்மாவுக்குத் தெரியவில்லை. நிரம்பிய குடம் ததும்புவதுபோல வழிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்டவருக்கு என் மாத்திரையைக் கொடுத்திருந்தால், பையின் சுருக்கத்தை இன்னும் குறைத்துச் சிறுநீரை முழுவதுமாக அடைத்திருக்கும். நான் கொடுக்காமல் விட்டது என் புத்திசாலித்தனத்தால் அல்ல, அவர் மாத்திரை விழுங்கப் படுத்துவார் என்பதால்.

நான்காவதில் பையில் கோளாறே இருக்காது. மூட்டு வலியில் எழுந்து கழிப்பறைக்குப் போவதற்குள் நேரம் ஆகிவிடும். அதற்கு மருந்து, கட்டிலருகில் ஒரு கமோடு நாற்காலி, இரவு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி.

இவை எதிலும் சேராத சில உண்டு. பிரசவத்துக்குப் பிறகோ கருப்பை அறுவைக்குப் பிறகோ இரவு பகல் இடைவிடாமல் ஒழுகினால், பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம்; அதற்குப் பயிற்சியும் மாத்திரையும் செல்லாது, அறுவைதான். சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று தொடங்கிய கசிவோடு கால் பலமிழந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. முதுகுத்தண்டின் அடிநரம்பு நசுங்கியிருக்கலாம்.

மூன்று நாள் நோட்டு

என்னைப் பார்த்த டாக்டர் ஸ்கேனுக்கு முன்னால் கேட்டது ஒரு நோட்டு. மூன்று நாள், காலை முதல் மறுநாள் காலைவரை, எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மில்லி, எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். அளப்பதற்கு ஒரு பழைய பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டுக் கழிப்பறையில் வைத்தேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டாள்.

பகலில் 14 தடவை போயிருந்தேன். சாதாரணமாக ஆறு, ஏழு, கூடினால் எட்டு இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் 90 மில்லி, 110 மில்லி. ஒரு தம்ளர் நிறையக்கூட இல்லாததற்குத்தான் அத்தனை ஓட்டம். நாத்தனார் நோட்டிலோ ஏழு தடவை, ஒவ்வொன்றும் 300 மில்லிக்குக் குறையாமல். நனைந்த இடத்திலெல்லாம் 'இருமல்', 'இருமல்', 'துணி பிழிந்தேன்', 'இருமல்'. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டாக்டர் தேவையில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே வித்தியாசம் சொல்லும்.

அந்த நோட்டில் இன்னொன்றும் அகப்பட்டது. இவ்வளவு இருமல் எங்கிருந்து வந்தது? ரத்த அழுத்தத்துக்கு அவள் எடுத்த மாத்திரையிலிருந்து. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். டாக்டர் அதை 'சார்ட்டான்' என்று முடியும் இனத்துக்கு மாற்றினார். ஒரு மாதத்தில் இருமல் நின்றது; கசிவில் பாதி அதோடு போயிற்று. ஆகவே பெரிய முடிவுகளுக்கு முன்னால் மாத்திரைப் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பார்ப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்கே கொடுக்கும் பிரசோசின் போன்றவை சிறுநீர்க்குழாயின் வாயைத் தளர்த்தும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளும், சர்க்கரைக்கு இப்போது அதிகம் எழுதப்படும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகைகளும் சிறுநீரைக் கூட்டும். கூட்டுவதுதான் அவற்றின் வேலை. நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டால் மாற்றவோ நேரத்தைத் தள்ளவோ வழி சொல்வார்.

பயிற்சி

அழுத்தக் கசிவுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளப் பயிற்சிதான். 1948-இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் எழுதி வைத்த முறை. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை இறுக்கிப் பிடித்து விடுவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு வேளைக்கானது முடிந்துவிடும். செலவில்லை, பக்கவிளைவில்லை.

ஆனால் சொல்லிக் கேட்டுச் செய்கிறவர்களில் பலர் தப்பாகச் செய்கிறார்கள். நாத்தனார் யூடியூப் பார்த்து இரண்டு மாதம் செய்து, பலனில்லை என்று விட்டவள். பிசியோதெரபி செய்யும் பெண் அவளைப் படுக்கவைத்து, வயிற்றில் கைவைத்து, "இப்போது இறுக்குங்கள்" என்றார். வயிறு கல்லாயிற்று, மூச்சு நின்றது, தொடை இறுகியது. இறுக வேண்டிய இடம் மட்டும் கீழே தள்ளியது. மேலே இழுப்பதற்குப் பதிலாக முக்கிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மாதமும் தூளியை இன்னும் தொய்ய வைத்திருக்கிறாள். நாலு பேர் நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அந்த இழுப்பு வேண்டும். வயிறும் தொடையும் தளர்ந்திருக்க, மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் யோசனையும் சுற்றுகிறது. அதை வழக்கமாக்கக் கூடாது, பை முழுவதும் காலியாகாமல் போகும். இரண்டாவது சந்திப்பில் ஒரு சின்ன வித்தையும் கற்றுக்கொண்டாள்: தும்மல் வருவது தெரிந்ததும், தும்முவதற்கு முன்னாலேயே ஒரு இறுக்கு.

எடை கூடியவர்களுக்கு இதனோடு இன்னொரு வழியும் திறக்கிறது. அமெரிக்காவில் 338 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 விழுக்காடு எடை குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது. எடை அதிகம் குறையாத மற்ற குழுவில் 28. 75 கிலோ இருப்பவர் 6 கிலோ குறைத்தால் அந்த அளவு.

அவசரக் கசிவுக்குப் பயிற்சி வேறு: பையைப் பழக்குவது. 'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடலாம்' என்பது என் வாழ்நாள் வழக்கம். பள்ளியில் அத்தனை ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை. கிடைத்தபோது போய்விட வேண்டும், கிடைக்காதபோது அடக்க வேண்டும், தண்ணீரே குடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு பள்ளிக்கூட மணியிலேயே இருந்தது. குறைவாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கச் சொன்னார், மாலை டிகிரி காபியை நிறுத்தச் சொன்னார். தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு இரண்டாவது கட்டளைதான் தண்டனை.

உணர்வு வந்ததும் ஓடக் கூடாது. மரநாற்காலியில் அமர்ந்து, ஐந்தாறு தடவை விரைவாக இறுக்கிவிட்டு, கவனத்தை வேறு எங்காவது திருப்ப வேண்டும். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்வேன்: 160, 144, 128, 112. தொண்ணூற்றாறுக்கு வருவதற்குள் அலை தணிந்துவிடும். அப்புறம் நிதானமாக நடந்து போகலாம். முக்கால் மணி நேர இடைவெளியைக் கால் மணி கால் மணியாகத் தள்ளினேன். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் பத்தில் எட்டுப் பேர் விட்டுவிடுவார்கள் என்று தோன்றுகிறது, நானும் ஒருமுறை விட்டேன்.

மாத்திரை

பையின் தசையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் அவசரக் கசிவுக்கு மட்டும்தான். அழுத்தக் கசிவுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை என்பதை நாத்தனார் தன் நாக்கால் நிரூபித்தாள். இரண்டு இனம் இருக்கிறது. ஆக்சிபியூடினின், டால்டெரோடின், நான் எடுத்த சோலிஃபெனசின் எல்லாம் பழைய இனம். வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் வரலாம். கண்ணில் குறுகிய கோண வகைக் குளோக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பவர்கள் தொடக் கூடாது. எழுபதைத் தாண்டியவர்களுக்குக் குழப்பம், மறதி வரும் என்ற கவலையும் இருப்பதால், அம்மாக்களுக்குத் தொடங்கும்போது டாக்டரிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும். மிராபெக்ரான் புது இனம். அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்றது. வாய் வறளாது, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். கட்டுக்குள் வராத கடும் ரத்த அழுத்தம் இருந்தால் கூடாது. எதுவானாலும் நான்கு வாரம் பார்த்துவிட்டு, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள். நிறுத்தினால் தொல்லை திரும்ப வரலாம் என்பதால், மாத்திரையை மட்டும் நம்பாமல் பயிற்சியைக் கூடவே நடத்த வேண்டும். நான் எட்டாம் மாதத்தில், டாக்டர் சொல்லி, நிறுத்திப் பார்த்தேன். இரவில் ஒருமுறை எழுகிறேன். போதும்.

மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்குப் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி உண்டு. சினிமா நடிகைகளின் நெற்றிக்குப் போடுகிற அதே மருந்து. சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். சிலருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாமல் கொஞ்ச காலம் குழாய் வைத்து எடுக்க நேரும். கணுக்கால் நரம்பைத் தூண்டும் வைத்தியம் ஒன்று இருக்கிறது: வாரம் ஒருமுறை, அரை மணி, பன்னிரண்டு வாரம். பெரிய ஊர்களில்தான் கிடைக்கும்.

மாதவிடாய் நின்று பிறப்புறுப்பு வறண்டு உறுத்துகிறவர்களுக்கு, உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவசரத்தைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. அடி இறக்கம், அதாவது கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிந்து இறங்குவது, இருப்பவர்களுக்குச் சிலிகான் வளையம் வைத்துத் தாங்கலாம். அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல இடைவழி.

நாப்கினைப் பற்றி ஒரு வார்த்தை. மாதவிடாய் நாப்கின் சிறுநீரை வேகமாக உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நின்று புண்ணாக்கும். கசிவுக்கென்று தனியாக விற்கும் பேடுகள் அந்த வேலைக்கே செய்தவை. வைத்தியம் நடக்கும்போது வெளியே போக வர அவை உதவும். அம்மாவுக்கு நாங்கள் செய்ததுபோல வைத்தியத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

அறுவை

அழுத்தக் கசிவுக்கு அறுவை நன்றாகவே பலன் தருகிறது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நெதர்லாந்தில் 460 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பிசியோதெரபியும் பாதிப் பேருக்கு நாடா அறுவையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. எல்லாரும் நடுத்தரமும் கடுமையுமான கசிவு உள்ளவர்கள். ஒரு வருடத்தில் தேறியதாகச் சொன்னவர்கள் அறுவையில் 90.8 விழுக்காடு, பயிற்சியில் 64.4. பயிற்சிக்குப் போனவர்களில் 49 விழுக்காட்டினர் நடுவில் அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். இதையே திருப்பிப் படித்தால், அவ்வளவு கடுமையான கசிவிலும் பாதிப் பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை. லேசான கசிவு உள்ளவர்கள் இந்த ஆய்வில் இல்லவே இல்லை.

நாடா என்பது சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வலைப்பட்டை. ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் 1996-இல் அறிமுகப்படுத்தியது. சின்ன அறுவை, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் வலை சிலருக்கு உள்ளே அரித்து, தாம்பத்தியத்தில் வலி, ஓயாத இடுப்பு வலி என்று கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் பெண்கள் திரண்டு குரல் எழுப்ப, 2018 ஜூலையில் அங்கே நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்கா 2019-இல் விற்பனையை நிறுத்தியது அடி இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையை. கசிவுக்கான நாடாவை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. வலை வேண்டாமென்றால் நம் வயிற்றுச் சவ்விலிருந்தே பட்டை எடுத்து வைப்பது ஒரு முறை, 1961-இல் பர்ச் என்ற மருத்துவர் சொன்ன தையல் முறை இன்னொன்று. இரண்டும் பெரிய அறுவை, குணமாகக் கூடுதல் நாள் பிடிக்கும். குழாயைச் சுற்றிப் பருமனூட்டும் ஊசி எளிது, ஆனால் பலன் குறைவு, திரும்பப் போட நேரும். இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் பொறுத்துக்கொள்வது நல்லது. அடுத்த பிரசவம் செய்த வேலையைக் குலைக்கலாம். கசிவுக்காகக் கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அது இதற்கு வைத்தியமல்ல.

நாத்தனாருக்கு மார்கழியோடு நான்கு மாதப் பயிற்சி முடிந்துவிட்டது. தும்மலுக்கு நனைவதில்லை. பேரன் மேலே தாவி ஏறும்போது மட்டும் சில சொட்டு. பிசியோதெரபி பெண் இன்னும் இரண்டு மாதம் செய்யச் சொல்கிறார்; சென்னையில் இருக்கும் அவள் மகள், "ஒரேயடியாக அறுவை செய்துகொள்ளம்மா" என்கிறாள். மாசிவரை பார்ப்பது, அப்போதும் நின்றபாடில்லை என்றால் அறுவை மருத்துவரைப் பார்ப்பது என்று அவளே தீர்மானித்திருக்கிறாள். பார்க்கப் போனால் கேட்பதற்கு நோட்டின் பின் அட்டையில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள். நாடா பிளாஸ்டிக்கா, என் சவ்வா? வருடத்துக்கு இதில் எத்தனை அறுவை செய்கிறீர்கள்? நாளைக்கு எனக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வைத்த நாடாவை நீங்களே எடுத்துவிடுவீர்களா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புவீர்களா?